மதகடி ஆபீஸ் பூட்டியிருந்ததாக நான் எழுதிய குறிப்பு

போன வாரம் விஜி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று எழுந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். நல்ல பிள்ளை, சுறுசுறுப்பு. "அக்கா, மறுபடியும் பட்டியல் கேட்டிருக்காங்க. சரியாப் பயன்படுத்தாத ஆபீஸ் கட்டடத்தையெல்லாம் விக்கப் போறாங்களாம். போன தடவை நீங்க எழுதின குறிப்பு ரொம்பக் கச்சிதமா இருக்காம். அதையே மாதிரியா வச்சுக்கிட்டு எழுதச் சொல்றாங்க. வச்சுக்கவாக்கா?" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "அந்தக் குறிப்பைத் தொட்டேன்னா நடக்கிறதே வேற" என்று கத்திவிட்டேன். அடுத்த அறையில் இருந்த என் வீட்டுக்காரர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். பாவம், அந்தப் பெண் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிட்டாள். பிறகு நானே கூப்பிட்டு, உன் மேல் கோபமில்லை கண்ணு என்று சொன்னேன். "அப்ப யார் மேலக்கா?" என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற பதிலா அது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது ஆறு, வாய்க்கால், மதகுகளைக் கவனிக்கும் துறையில். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்னும் மராமத்து ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள். கோட்டத்தின் பெயரை எழுதவில்லை, யார் பெயரையும் முழுதாக எழுதவில்லை. என் அப்பா இதே துறையில் லஸ்கர், அதாவது கரைக்காவலர். பணியில் இருக்கும்போதே இறந்தார். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைத்தது. தட்டச்சராகச் சேர்ந்து, உதவியாளராகி, கண்காணிப்பாளராக வெளியே வந்தேன். நடுவில் முப்பத்து மூன்று வருஷம். முதல் நாலைந்து வருஷம் கற்றுக்கொண்டதெல்லாம் ஒன்றுதான்: குறிப்பு எழுதுவது. கோப்பில் ஒரு விஷயம் எப்படி எழுதப்படுகிறதோ, அப்படித்தான் அது நடந்ததாக அர்த்தம். அதற்கு வெளியே உலகத்தில் என்ன நடந்தாலும் ஆபீஸுக்குத் தெரியாது.

லஸ்கர் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆனியில் தண்ணீர் திறந்துவிட்டால் தை முடிய அவர் குடியிருப்பதே கரையில்தான். காலையில் கரையோடு நடந்து எங்கே கசிவு, எங்கே நண்டு வளை, எங்கே மண் சரிவு என்று பார்க்க வேண்டும். மதகு ஷட்டரை ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும். எந்த ஊருக்கு எத்தனை நாள் முறைத் தண்ணீர் என்ற சண்டையைத் தீர்க்க வேண்டும். தண்ணீர் நிறுத்தியபிறகு, மாசியிலிருந்து வைகாசி வரைக்கும், தூர்வாரும் இடத்தில் நிற்க வேண்டும். அந்த நாலு மாதமும் ஆபீஸ் பக்கம் ஈ காக்காய் இருக்காது. டெல்டாவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும்.

அடுத்து எங்கள் செயற்பொறியாளர். கோட்டம் முழுக்க அவருக்குக் கீழே. அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் நாங்கள் புள்ளி சார் என்போம். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோப்பை மேசையில் வைத்தால் உடனே தொட மாட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். சின்ன டப்பாவைத் திறந்து ஒரு கிராம்பை வாயில் போடுவார். அப்புறம்தான் நாடாவை அவிழ்ப்பார். நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லையும் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுப் படிப்பார். பிடிக்காத சொல் வந்தால் அதற்குக் கீழே ஒரே ஒரு பென்சில் புள்ளி வைப்பார். கடுகில் பாதி இருக்கும். அடிக்க மாட்டார், திருத்த மாட்டார், ஓரத்தில் ஒரு எழுத்துகூட எழுத மாட்டார். "பாருங்கம்மா" என்று மட்டும் சொல்லிக் கோப்பைத் திருப்பித் தள்ளுவார்.

இடத்துக்கு வந்து புள்ளியைத் தேட வேண்டும். அந்தச் சொல் இல்லாமல் குறிப்பை மறுபடி தட்டச்சு செய்து கொண்டுபோய் வைத்தால் பச்சை மையில் கையெழுத்து விழும். பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. ஆரம்பத்தில், அடடா எவ்வளவு நாசூக்கான மனிதர், திட்டாமல் திருத்துகிறாரே என்று நினைத்தேன். பல வருஷம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் அந்தச் சொல்லை எடுத்தவர் அவரில்லை. எடுத்தது நான். கோப்பு முழுக்க என் எழுத்துதான் இருக்கும்.

இனி மதகடி ஆபீஸ். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, கடைமடைக்குப் போகும் ஒரு வாய்க்காலின் தலைமதகை ஒட்டி எங்கள் பிரிவு அலுவலகம் ஒன்று இருந்தது. காரைச்சுவர், ஓட்டுக்கூரை, இரண்டு அறை, பின்னால் நீளமாக ஒரு கொட்டகை. அவ்வளவுதான். ஒரு வருஷம் ஐப்பசி மாதத்தில் தளவாட இருப்பைச் சரிபார்க்க என்னை அனுப்பினார்கள். ஜீப் பாதி வழியில் சேற்றில் மாட்டிக்கொண்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போனேன்.

உள்ளே கால் வைக்க இடமில்லை. இரண்டு ஊர்க்காரர்கள் முறைத் தண்ணீருக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். "மேலூர்க்காரங்களுக்கு மட்டும் மூணு நாளு, எங்களுக்கு ரெண்டா? எங்க நெல்லு என்ன தண்ணியில்லாம விளையுமா?" நடுவில் ஈரக் கைலியோடு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, கோவிந்தராசு நின்றார். அந்த மதகின் லஸ்கர். ஒல்லி, கறுப்பு, பேச்சு குறைவு. "ரெண்டு பேரும் குந்துங்க. மொதல்ல டீயக் குடிங்க. தண்ணி எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். தண்ணீர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சண்டை பாதி அடங்கிவிட்டது.

உட்கார நாற்காலி இல்லாததால் கொட்டகையில் மணல் மூட்டை மேல் உட்கார்ந்துதான் பட்டியல் எழுதினேன். மணல் மூட்டை, சவுக்குக் கட்டை, மூங்கில், கயிறு, மண்வெட்டி, ஷட்டரைத் திருகும் இரும்புக் கைப்பிடி. மலர்க்கொடி என்று ஒரு பெண் அங்கே நின்றிருந்தாள். புருஷன் சிங்கப்பூரில் வேலை. இவள் ஒன்பது மா, அதாவது ஏறக்குறைய மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தானே சாகுபடி பார்க்கிறாள். நான் எண்ணுவதைப் பார்த்துவிட்டு, "மூட்டைய மட்டும் எண்ணுங்கம்மா. எங்கள எண்ணிடாதீங்க, அப்பறம் ரேஷன்ல சர்க்கரை கொறச்சிடுவாங்க" என்றாள். வாய்த்துடுக்குக்காரி. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டடம் எதற்கு இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவள் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

சில வருஷம் கழித்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. சரிவரப் பயன்படாத அலுவலகக் கட்டடங்களைக் கண்டறிந்து விற்பனைக்குப் பரிந்துரைக்க வேண்டும். கூடவே ஒரு படிவம். பணியாளர்கள் எத்தனை பேர்? பார்வையிட்டபோது இருக்கையில் இருந்தவர்கள் எத்தனை பேர்? வந்திருந்த பொதுமக்கள் எத்தனை பேர்? மூன்று வெவ்வேறு நாளில், காலை பத்தரைக்குப் பார்வையிட வேண்டும். படித்தால் நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? யோசித்துப் பாருங்கள். கரையில் நடக்க வேண்டிய மனுஷன் இருக்கையில் இருக்கிறானா என்று பார்க்க ஒரு படிவம்! கோட்டத்துக்கு ஐந்து கட்டடமாவது காட்டியே ஆக வேண்டும் என்று வாய்மொழியாகவும் சொன்னார்கள். அது எந்தத் தாளிலும் கிடையாது.

பார்வையிடக் கட்டடப் பிரிவிலிருந்து இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்தார்கள். எப்போது தெரியுமா? சித்திரையில். ஆற்றில் ஆடு மேய்கிற மாதத்தில். மதகடி ஆட்கள் எல்லோரும் நாலு மைல் மேற்கே வெயிலில் தூர்வாரும் இடத்தில் நிற்கிறார்கள். வந்தவர்கள் மூன்று தடவை வந்தார்கள், மூன்று தடவையும் பூட்டைப் பார்த்தார்கள், மூன்று தடவையும் பூஜ்யம் போட்டுக்கொண்டு போனார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களுக்குச் சுவர்தான் தெரியும், தண்ணீர் தெரியாது.

படிவம் என் மேசைக்கு வந்தது. குறிப்பு எழுத வேண்டியவள் நான். இப்படி எழுதினேன்: "பார்வையிட்ட மூன்று முறையும் கட்டடம் பூட்டியிருந்தது. இது ஆற்றில் நீர் நிறுத்தப்பட்டுள்ள காலம் என்பதால் பணியாளர்கள் தூர்வாரும் பணியில் உள்ளனர்." கொண்டுபோய் வைத்தேன். கண்ணாடி துடைக்கப்பட்டது. கிராம்பு வாய்க்குப் போனது. பென்சில் முனை ஒவ்வொரு சொல்லாக நகர்ந்து வந்து ஓர் இடத்தில் நின்றது. "பாருங்கம்மா."

இடத்துக்கு வந்து பார்த்தேன். 'நீர் நிறுத்தப்பட்டுள்ள காலம்' என்பதற்குக் கீழே புள்ளி.

ஒரு டீ குடித்தேன். அந்த டீ முடிகிற வரைக்கும்தான் என் போராட்டம். நாலு கட்டடம் கிடைத்துவிட்டது, ஐந்தாவதுக்கு இதுதான் வாய்த்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது, அந்தப் பட்டியலும் அவர் மேசையில்தான் இருந்தது. இதையும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. மறுபடி தட்டச்சு செய்தேன்: "பார்வையிட்ட மூன்று முறையும் கட்டடம் பூட்டியே இருந்தது. பொதுமக்கள் வருகை இல்லை. பயன்பாடு மிகக் குறைவு." விஜியின் மேலதிகாரிகள் கச்சிதம் என்று மெச்சுகிறார்களே, அது இதுதான். மூன்று வரி. ஒன்றுகூடப் பொய் இல்லை. பச்சை மை விழுந்தது. அந்தப் பழைய தாளை மட்டும் நான் கிழிக்கவில்லை. துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள், பயம். நாளைக்கு ஏதாவது ஆனால் காட்டலாமே என்று மேசை இழுப்பறையின் அடியில் வைத்தேன்.

கட்டடம் ஏலத்துக்குப் போனது. கரைப் புறம்போக்கில் கட்டியிருந்தால் விற்றிருக்க முடியாது. சாலையை ஒட்டித் துறைக்கென்று வாங்கிய மனையில் கட்டியிருந்தார்கள், அதனால் போயிற்று. வாங்கியவர் வாழைத்தார் மண்டி வைக்கப் போவதாகச் சொன்னார். அவர் சட்டப்படி வாங்கினார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இயந்திரத்தைக் கொண்டுவந்து இரண்டே நாளில் இடித்துவிட்டார். கொட்டகையில் இருந்த மூட்டை, கட்டை, கயிறு எல்லாம் லாரியில் ஏறி, பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி டவுனில் இருந்த உபகோட்டக் கிடங்குக்குப் போயின. ஷட்டர் கைப்பிடியும் பட்டியலில் இருந்ததால் அதுவும் போனது! என் கையால் எழுதிய பட்டியல். மதகு இங்கே, கைப்பிடி அங்கே. இந்தக் கண்றாவியை யாரிடம் போய்ச் சொல்வது?

வருகைப் பதிவேடும் அங்கேதான் போனது. ஒரு மாதம் கழித்துக் கோவிந்தராசு என்னைத் தேடி வந்தார்.

"அம்மா, தெனம் டவுனுக்குப் போயி கையெழுத்துப் போட்டுட்டு வரச் சொல்றாங்க. பஸ்ஸுல போயி, பஸ்ஸுல திரும்பிக் கரைக்கு வர்றதுக்குள்ள பதினோரு மணி ஆயிடுது. அதுவரைக்கும் கரைய யாரும்மா பாக்குறது?"

"மனுவா எழுதிக் கொடுங்கண்ணே. கோப்புல வச்சிடறேன்."

"அந்தக் கைப்பிடிய மட்டுமாச்சும் குடுங்க. ஒவ்வொரு தடவையும் டவுன்ல எழுதி வாங்கி, திருப்பிக் குடுக்க வேண்டியிருக்கு. நான் வீட்டுல வச்சுக்கறேன்."

"அதையும் எழுதுங்க."

எழுதிக் கொடுத்தார். வைத்தேன். கோப்பு அங்கேயே கிடந்தது. ஒரு கைப்பிடியைக் கொடுக்க எத்தனை கையெழுத்து வேண்டும்?

அந்தக் கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. நடந்ததை மலர்க்கொடி சொல்லித்தான் நான் கேட்டேன். அவள் சொன்னதையே சொல்கிறேன். காலை ஆறு மணிக்குக் கோவிந்தராசு கரையில் நடக்கும்போது தலைமதகுக்குக் கீழே ஓர் இடத்தில் கசிவைப் பார்த்திருக்கிறார். அப்போது அது கை நுழைகிற அளவுதான். பழைய மாதிரி இருந்தால் இருநூறு தப்படியில் கொட்டகை. பத்து மூட்டை, நாலு கட்டை, அரை மணி நேர வேலை. இப்போது அவர் கையில் இருந்தது ஒரு செல்போனும் ஒரு மண்வெட்டியும். மதகை இறக்கலாமென்றால் கைப்பிடி இல்லை. உபகோட்டத்துக்குப் போன் செய்தார். கிடங்குச் சாவி வைத்திருந்தவர் எட்டு மணிக்கு வந்தார். லாரி ஒன்பதுக்குக் கிளம்பியது. வழியில் சாலைக்கு மேல் தண்ணீர், சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மத்தியானம் இரண்டு மணி. கரை ஒன்பதரைக்கே உடைந்துவிட்டிருந்தது.

"அந்த மனுசன் ஊருக்குள்ள ஓடியாந்து கத்துனாரும்மா. நாங்க இருவது பேரு போனோம். வைக்கோலு, வாழமரம், தென்னமட்ட, கெடச்சதையெல்லாம் போட்டோம். அவரு உடைப்புக்குள்ளயே எறங்கி நின்னாரு, நெஞ்சளவு தண்ணி. அண்ணே மேல வாங்க, ஆத்தோட போயிடப் போறீங்கன்னு கத்தறோம், காதுலயே வாங்கல. சாயங்காலம் மூட்டையெல்லாம் போட்டு முடிக்கிறவரைக்கும் தண்ணிய விட்டு ஏறல. ஏறினதும் ஒதடெல்லாம் வெளுத்துப்போயி நடுங்குறாரு. எம் பயிரு போச்சு, ஒம்போது மாவும் போச்சு. அதுக்காக அவர ஒரு வார்த்த சொல்ல முடியுமா?"

மலர்க்கொடியால் சொல்ல முடியவில்லை. ஆபீஸால் முடிந்தது. மேலிடத்திலிருந்து கேள்வி வந்ததும் எல்லோரும் பதிவேட்டைப் புரட்டினார்கள். உபகோட்டத்தில் இருந்த வருகைப் பதிவேட்டில் அன்றைக்குக் கோவிந்தராசுவின் கட்டம் காலி. பின்னே? கையெழுத்துப் போட பஸ் ஏறியிருந்தால் கசிவை யார் பார்த்திருப்பார்? ஆனால் காலி என்றால் காலி. பணியிடத்தில் இல்லை, உரிய நேரத்தில் ஷட்டரை இறக்கவில்லை என்று குற்றச்சாட்டுக் குறிப்பாணை தயாரானது. பத்திரிகையிலும் வந்துவிட்டது: ஊழியர் பணிக்கு வராததால் வாய்க்கால் உடைந்தது என்று. திருக்கடையூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த அவர் மகளிடம், "அன்னிக்கு ஒங்கப்பா எங்க போயிருந்தாரு?" என்று சம்பந்தி வீட்டில் கேட்டார்களாம். அந்தப் பெண் அழுதிருக்கிறது.

அந்தக் குறிப்பாணையை எழுதியதும் என் பிரிவுதான். நேரில் வாங்கிக்கொள்ள வந்தார். கையெழுத்துப் போட்டு வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். போகவில்லை, நின்றார்.

"மதகடி ஆபீஸ் பூட்டியே கெடந்துச்சுன்னு எழுதினது நீங்கதானாமே?"

"ஆமாண்ணே."

"ஒங்கப்பாவோட நான் ரெண்டு வருசம் வேல பாத்துருக்கேன். சித்திரையில அவரு ஆபீஸ்ல குந்தியிருந்து என்னிக்காச்சும் பாத்துருக்கீங்களா?"

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது சமாளித்திருப்பேன். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்மா. என்ன தண்டன வேணாலும் குடுங்க. அன்னிக்கு நான் கரையிலதான் இருந்தேன்னு மட்டும் எழுதிக் குடுங்க" என்றார்.

விசாரணை அதிகாரி வேறொரு கோட்டத்திலிருந்து வந்தார். நானாகவே போய் வாக்குமூலம் கொடுத்தேன். கட்டடம் பூட்டியிருந்தது நீர் நிறுத்தக் காலத்தில் என்று சொன்னேன். அதை விற்றதால்தான் மூட்டையும் கைப்பிடியும் பதிவேடும் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிப் போயின என்றேன். இழுப்பறையிலிருந்து அந்தப் பழைய தாளை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"புள்ளி, சார். செயற்பொறியாளர் வச்சது. இந்த வார்த்தைகளை எடுத்துடணும்னு அதுக்கு அர்த்தம்."

"அப்படின்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்லீங்க. ஆனா ஆபீஸ்ல யாரைக் கேட்டாலும் தெரியும்."

"பென்சில் தவறிப் பட்டிருக்கலாம். இத வச்சு நான் என்னம்மா எழுதறது?" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அந்தத் தாளைத் திருப்பி என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

வெளியே மலர்க்கொடியும் இன்னும் ஆறேழு பேரும் காலையிலிருந்து காத்திருந்தார்கள். அவர் கரையில் இருந்ததற்குச் சாட்சி சொல்ல, வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். துறை விசாரணைக்கு ஆவணம் போதும், பொதுமக்கள் சாட்சி தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மலர்க்கொடி என்னிடம் வந்து, "ஏம்மா, மூழ்கினது எங்க வயலு, பக்கத்துல நின்னது நாங்க. நாங்க சொல்றது சாட்சியில்ல, அந்த நோட்டு சொல்றது சாட்சியா? நல்லா இருக்கும்மா ஒங்க ஆபீஸு!" என்றாள்.

நாலு மாதம் கழித்து ஆணை வந்தது. போதிய ஆதாரம் இல்லாததால் குற்றச்சாட்டுகள் கைவிடப்படுகின்றன, அன்றைய தினம் தகுதியுள்ள விடுப்பாகக் கருதப்படும். ஆபீஸில் எல்லோரும், பரவாயில்லை, தப்பித்துவிட்டார் என்றார்கள். எனக்கு அந்தக் கடைசி வரியைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருக்கக்கூடாதாம், அதை நிரப்ப வேண்டுமாம், அதற்கு ஒரு விடுப்பு. அன்றைய தினத்தைப் பணியாகக் கருதலாம் என்று ஒரு குறிப்பு எழுதி, ஊர்க்காரர்கள் கொடுத்த மனுவையும் சேர்த்துப் புள்ளி சாரிடம் கொண்டுபோனேன். 'பணி' என்ற சொல்லுக்குக் கீழே புள்ளியோடு திரும்பி வந்தது. ஒரு எழுத்தும் மாற்றாமல் அதே தாளை மறுபடி வைத்தேன். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். "பாருங்கம்மா" என்றார். "பார்த்துட்டேன் சார். மாத்த மாட்டேன். வேணாம்னா வேணாம்னு நீங்களே எழுதுங்க" என்றேன். கோப்பு அவர் மேசையிலேயே நின்றது. சரியென்றும் எழுதவில்லை, முடியாதென்றும் எழுதவில்லை. அவர் மாறுதலில் போனார், வந்தவர் அதைத் திறக்கவில்லை. பதவி உயர்வு எனக்கு எப்போதோ வந்துவிட்டிருந்தது. கோபப்படத் துணிச்சல் வந்தது அதற்குப் பிறகுதான் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆணை ஆணைதான். கோவிந்தராசுவின் பணிப்பதிவேட்டில் அதைப் பதிய வேண்டியது என் பொறுப்பு. பதிந்தேன். அடுத்த வருஷம் அவர் ஓய்வு பெறும் மாதம் வந்தது. பணிப்பதிவேட்டை ஊழியரிடம் காட்டி, படித்துப் பார்த்தேன் என்று கையெழுத்து வாங்கினால்தான் ஓய்வூதியக் கோப்பு நகரும். வரச் சொல்லியிருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். எதிரே உட்காரச் சொன்னேன்.

"படிச்சுக் காட்டுங்கம்மா. கண்ணு சரியாத் தெரியல."

சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். மாறுதல்கள், விடுப்புகள், ஒருமுறை அவருக்கு வந்த பாராட்டு. தலையாட்டிக்கொண்டே கேட்டார். அந்த வரி வந்தது. குரலைத் தாழ்த்தி வேகமாகப் படித்துத் தாண்டப் பார்த்தேன்.

"இருங்க. என்னிக்கு லீவு?"

தேதியைச் சொன்னேன்.

"அது கரை ஒடஞ்ச நாளும்மா."

"ஆமாண்ணே."

"நான் லீவு கேக்கலியே."

"ஆணை அப்படி வந்திருக்குண்ணே. நான் மாத்தப் பாத்தேன், முடியல. இந்த ஒரு நாளால உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்ல. கையெழுத்துப் போட்டுடுங்க, பென்ஷன் தாமதமாகாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அவர் பேனாவை எடுத்தார். பிறகு மூடியைத் திருகி மூடி, என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"போட மாட்டேம்மா. போட்டா, நான் அங்க இல்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். வாசல் வரைக்கும் பின்னாலேயே போய்க் கூப்பிட்டேன், திரும்பவில்லை. நான் ஓய்வு பெற்ற அன்று பொறுப்பை ஒப்படைக்கும்போது அந்தப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். போன வாரம் விஜியிடமும் பார்க்கச் சொன்னேன். அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடம் இன்னும் காலியாக இருக்கிறது, ஓய்வூதியக் கோப்பும் நகரவில்லை. மேலே அவர் விடுப்பில் இருந்தார் என்று தெளிவாக, அழகாக, என் கையெழுத்தில் இருக்கிறது.